பீட்டில்ஸின் தொடக்க ஆண்டுகள்: எந்தப் புத்தகத்தை முதலில் எடுப்பது?

ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் தந்தைக்கும் தாய்க்கும் நடுவே நிற்கிறான். யாருடன் போகிறாய் என்று கேட்டதும் தந்தையைக் காட்டுகிறான். தாய் தெருவில் இறங்கி நடக்கத் தொடங்கியதும் மனம் தாளாமல் அழுதுகொண்டே அவள் பின்னால் ஓடுகிறான். 1946ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில், பின்னாளில் பீட்டில்ஸ் இசைக்குழுவைத் தொடங்கிய ஜான் லெனனுக்கு இப்படி நேர்ந்ததாக முதன்முதலில் படித்தபோது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பிற்காலத்தில் அவர் தாயை நினைந்து பாடியதற்கெல்லாம் வேர் இதுதான் என்று பல ஆண்டுகள் நண்பர்களிடம் சொல்லியும் வந்தேன். பிறகு மார்க் லூயிசன் 2013இல் வெளியிட்ட ‘டியூன் இன்’ என்ற நூலைப் படித்தேன். லெனனின் தந்தையுடைய நண்பரும், அந்தச் சந்திப்பு நடந்த வீட்டின் பிள்ளையுமான பில்லி ஹாலை லூயிசன் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறார். அப்படிப்பட்ட இழுபறி எதுவும் நடக்கவில்லை, பெற்றோர் இருவரும் முன்னறையில் பேசி முடிவுக்கு வந்தார்கள் என்பது அவருடைய சாட்சியம்.

அதன் பிறகு பீட்டில்ஸைப் பற்றிய எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் நான் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதில்லை. கடைசிப் பக்கங்களில் உள்ள பெயர் அடைவைப் பிரித்து, எனக்கு நன்கு பழக்கமான சில நிகழ்ச்சிகளை அந்த நூல் எப்படிச் சொல்கிறது, யார் வாய்மொழியை நம்பிச் சொல்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன். பிளாக்பூல் அவற்றுள் ஒன்று. குழுவின் மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் அவர்களைக் கண்டடைந்த கதை மற்றொன்று.

1964இல் தம் பெயரில் வெளிவந்த தன்வரலாற்றில் எப்ஸ்டைன் அந்தக் கதையைத் தாமே சொல்கிறார். 1961 அக்டோபர் 28 அன்று லிவர்பூலில் உள்ள அவருடைய இசைத்தட்டுக் கடைக்குத் தோல் மேலாடை அணிந்த ஓர் இளைஞர் வந்து, ஜெர்மனியில் பதிவான ‘மை போனி’ என்ற இசைத்தட்டைக் கேட்டாராம். பீட்டில்ஸ் என்ற பெயர் எப்ஸ்டைனின் காதில் விழுந்தது அப்போதுதானாம். ஆனால் அந்த ஆண்டு ஜூலையிலேயே ‘மெர்சி பீட்’ என்ற உள்ளூர் இசை இதழ் தொடங்கிவிட்டது. அதன் இரண்டாவது இதழ், பீட்டில்ஸ் ஜெர்மனியில் இசைத்தட்டுக்கு ஒப்பந்தமான செய்தியை முதல் பக்கத்திலேயே வெளியிட்டது. அந்த இதழ் எப்ஸ்டைனின் கடையிலேயே விற்பனையானது. அவரே அதில் இசைத்தட்டு விமர்சனமும் எழுதிவந்தார். அவர்கள் வாடிக்கையாக வாசித்த கேவர்ன் நிலவறையோ கடையிலிருந்து சில நிமிட நடை தூரத்தில்தான் இருந்தது. நவம்பர் 9ஆம் தேதி நண்பகலில் அவர் அங்கே படியிறங்கிப் போனதை எல்லா நூல்களும் சொல்கின்றன. அதற்கு முன் அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்ற கேள்வியை எழுப்பும் நூலா, இளைஞர் வந்தார், கேட்டார், எல்லாம் தொடங்கியது என்று கடந்துவிடும் நூலா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

எப்ஸ்டைனின் நூலைப் பொய் என்று ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை. ஒருபால் உறவு இங்கிலாந்தில் 1967 வரை சட்டப்படி குற்றமாக இருந்ததால், தம் வாழ்க்கையில் பெரும்பகுதியை அவர் அந்தப் பக்கங்களில் மறைக்க வேண்டியிருந்தது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், அவர் அமைதியாகத் தாண்டிச் செல்லும் இடங்களே நம்மை நிறுத்தி வைக்கின்றன.

சென்ற மாதம் என் அக்கா மகன், “மாமா, எனக்கு ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள்” என்று கேட்டபோது, ஹண்டர் டேவிஸ் 1968இல் எழுதிய வரலாற்றைத்தான் சொன்னேன். பிளாக்பூல் காட்சியைப் பரவலாக்கியதே அந்த நூல்தான் என்று தெரிந்தேதான் சொன்னேன். குழு பிரிவதற்கு முன்பே நால்வருடனும் அவர்கள் பெற்றோருடனும் உட்கார்ந்து பேசி எழுதும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. இளமைக்காலம் அவர்கள் நாவில் இன்னும் பழங்கதையாகிவிடவில்லை. ஒப்புதல் பெற்ற வரலாறு என்பதால் அதற்குக் கட்டுப்பாடுகளும் இருந்தன. லெனனை வளர்த்த பெரியம்மா மிமி கைப்பிரதியைப் படித்து வருந்தியதால், அவர் மனம் ஆறும்படி சில மாற்றங்கள் செய்ய நேர்ந்ததாக டேவிஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அடுத்ததாக லூயிசன். 900 பக்கங்களுக்கு மேல் படித்தும் 1962 டிசம்பர் முடியத்தான் வந்திருப்போம். உலகம் அறிந்த பீட்டில்ஸ் இன்னும் தொடங்கியிருக்காது. முதலிலேயே இதை எடுத்தால் இந்த அளவைக் கண்டு மலைத்துப் பாதியில் நின்றுவிடும் அபாயம் உண்டு; கதையின் போக்கு தெரிந்த பிறகு எடுத்தால் கீழே வைக்க முடியாது. 1960 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குச் சென்றவர்கள், திரையரங்கு ஒன்றின் திரைக்குப் பின்னால், கழிப்பறையை ஒட்டிய ஜன்னலில்லாத அறைகளில் படுத்தெழுந்து, வாரநாட்களில் இரவுக்கு நாலரை மணி நேரமும் வார இறுதியில் ஆறு மணி நேரமும் வாசித்தார்கள். பாடல் கையிருப்பு போதாமல் ஒரே பாடலை நீட்டி நீட்டி வாசித்ததால் அவர்கள் கைக்கு என்ன வந்தது என்பதை லூயிசன் சொல்லக் கேட்கையில்தான், டிசம்பரில் ஊர் திரும்பி லிதர்லாண்ட் நகர மன்றத்தில் வாசித்தபோது கூட்டம் ஏன் மேடையை நோக்கி ஓடிவந்தது என்பது எனக்கு விளங்கியது.

ஃபிலிப் நார்மனின் ‘ஷவுட்!’ நடையழகுக்காகப் படிக்கத் தக்கது. லெனன் கொல்லப்பட்ட சில மாதங்களில், 1981இல் வெளிவந்த அந்நூல் லெனனோடு குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னிக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் கருத்து. அதை எவருக்கும் முதல் நூலாகத் தர மாட்டேன்.

குழுவிலிருந்து விலக்கப்பட்டவரின் குரலையும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1962 ஆகஸ்ட் 16 அன்று எப்ஸ்டைன் அழைத்து, டிரம்ஸ் வாசித்துவந்த பீட் பெஸ்ட்டை அனுப்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து அந்த இடத்தில் ரிங்கோ ஸ்டார் உட்கார்ந்தார். வாசிப்பில் குறை, மற்றவர்களோடு ஒட்டாத இயல்பு, அவர் அழகின்மேல் பொறாமை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லப்படுகிறது. பெஸ்ட் 1985இல் தம் பக்கத்தை இன்னொருவருடன் சேர்ந்து எழுதினார். அதையும் லூயிசனின் அதே பகுதியையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் படித்தேன். லூயிசன் காட்டும் சான்றுகள் எனக்கு வலுவாகவே தோன்றின. ஆனாலும் இரண்டு ஆண்டுகள் உடனிருந்த மூவரில் ஒருவர்கூட நேரில் வந்து சொல்லவில்லை என்ற இடத்தில் பெஸ்ட்டின் பக்கமே என் மனம் நிற்கிறது.

ஹாம்பர்க் அத்தியாயங்களைப் படிக்கும்போது ஆஸ்ட்ரிட் கிர்ஷர் எடுத்த நிழற்படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்படி அக்கா மகனிடம் சொல்லியிருக்கிறேன். 1960இல் பொருட்காட்சித் திடல் ஒன்றில் வாத்தியங்களோடு ஐந்து பேர் நிற்கும் படம் அவற்றுள் இருக்கிறது; அதில் பெஸ்ட்டும் இருக்கிறார், அப்போது குழுவில் பேஸ் கிட்டார் வாசித்து, 1962 ஏப்ரலில் 21 வயதில் இறந்துபோன ஸ்டூவர்ட் சட்க்ளிஃபும் இருக்கிறார்.