ஷோபனின் சி மேஜர் மஸுர்கா: மூன்றா, நாலா?

போலந்து இசையமைப்பாளர் ஷோபனின் ஓபஸ் 33-இல் (33-ஆம் எண் தொகுப்பு) உள்ள சி மேஜர் மஸுர்காவைப் பழகிக்கொண்டிருக்கிறேன். மஸுர்கா என்பது மஸூர் என்ற போலந்து நடனத்திலிருந்து வந்த, சுற்றுக்கு மூன்று பீட் உள்ள பியானோத் துண்டு. 1838-இல் வெளிவந்த தொகுப்பு. சின்னத் துண்டு, சுரங்கள் சீக்கிரமே கையில் ஏறிவிட்டன. பாடு எல்லாம் காலக்கணக்கில்தான். இடது கையில் முதல் பீட்டுக்கு ஒற்றை பாஸ் சுரம், அடுத்த இரண்டுக்கும் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்). மெட்ரோனோம் (சீராகத் தட்டும் தாளக் கருவி) போட்டு மூன்றையும் சம அளவில் வாசித்தால் தப்பே இல்லை, ஆனால் வால்ட்ஸ் ஆகிவிடுகிறது.

இதே துண்டுக்காக ஷோபன் வீட்டிலேயே சண்டை நடந்திருக்கிறது. 1842-இல் மாணவர் லென்ஸ் இதை வாசித்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்த ஓபரா இசையமைப்பாளர் மேயர்பீர், "இது 2/4" (சுற்றுக்கு இரண்டு பீட்) என்றாராம். ஷோபன் 3/4 என்று அடித்துச் சொல்லி, தானே வாசித்துக் காட்டியும் அவர் மசியவில்லை. ஷோபன் கோபத்தோடு எழுந்து போய்விட்டார். பியானோ கலைஞர் ஹாலேயோ வேறொரு சமயம், ஷோபன் தன் மஸுர்காக்களை 4/4-இல் வாசிப்பதாகச் சொல்லி, வாய்விட்டு நாலு எண்ணியே காட்டினார். அப்போது ஷோபன் சிரித்துவிட்டு, அது அந்த நடனத்தின் தேசிய குணம் என்றார்.

சரி, இரண்டையும் செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். முதலில் ஹாலே கணக்கு: பாஸுக்கு இரண்டு எண்ணிக்கை, கார்டுகளுக்கு ஒவ்வொன்று. மெதுவாக வாசித்தால் நொண்டுகிறது. அப்புறம் பாஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஒரு கட்டத்தில் எண்ணிக்கை மறைந்து அசைவு மட்டும் நின்றது. மேயர்பீர் கணக்குக்கு மூன்றாவது பீட்டின் கார்டை விழுங்க வேண்டும். வலது கையின் புள்ளி வைத்த (ஒரு சுரம் நீண்டு அடுத்தது குறுகும்) தாளம் அதற்கு இடம் கொடுப்பதில்லை, அவசரப்படுகிறது. ஆனால் முதல் பீட்டை இழுத்தாலே கடைசி பீட் தானாக நெருங்கிவிடுகிறது. இருவரும் கேட்டது ஒரே ஆட்டத்தைத்தான் என்று எனக்குப் படுகிறது.

தொகுப்பு ரோஸா மோஸ்தோவ்ஸ்கா என்ற சீமாட்டிக்குக் காணிக்கை. பாடத்துக்கு 20 ஃபிராங்க் வாங்கி பாரிஸின் பிரபுக் குடும்பங்களுக்குக் கற்றுத்தந்தவர் ஷோபன். பொது மேடையில் வாழ்நாள் முழுக்கச் சுமார் 30 கச்சேரிதான், மற்றபடி பிரபுக்களின் வரவேற்பறைகளில்தான் வாசித்தார். ரஷ்ய ஆட்சிக்கு எதிரான 1830-31 எழுச்சி தோற்றபின் பாரிஸுக்கு வந்த போலந்து பிரபுக்களும் அந்த வரவேற்பறைகளில் இருந்தார்கள். மஸூர் ஆடி வளர்ந்தவர்களுக்குப் பீட் எண்ணிக் காட்ட வேண்டியிருந்திருக்காது, அது காலிலேயே இருந்திருக்கும். என் காலில் அது இல்லை. அதனால் பாஸ் விழும்போது எழுந்து நின்று ஒரு அடி வைத்துப் பார்க்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். பலன் இருக்கிறது.

சத்தத்தையும் குறைத்துவிட்டேன். பத்துப் பேர் உட்கார்ந்த அறைக்கு என்று நினைத்துக்கொண்டால் கார்டுகள் தானாக மெலிகின்றன. சுருதி ஏ-ஃபிளாட்டுக்கு மாறும் நடுப்பகுதியில் மட்டும் கை இன்னும் கனக்கிறது, பெடலும் கலங்குகிறது. அங்கே இடது கையைத் தனியாகப் பழகிவருகிறேன்.