மாக்கிங்ஜே: மூன்றாவது முயற்சியில் முதல் பாகம் முடிந்தது

நேற்று இரவு, சூசன் காலின்ஸின் ஹங்கர் கேம்ஸ் நாவல் வரிசையில் மூன்றாவதான மாக்கிங்ஜேயின் முதல் பாகத்தைத் தாண்டிவிட்டேன். ஒன்பது அத்தியாயம்தான். போன இரண்டு தடவையும் அதற்குள்ளேயே புத்தகத்தை மூடி வைத்தவனுக்கு இது பெரிய தூரம்.

சிக்கல் நோட்டில் இருந்தது. 12 மாவட்டங்களிலிருந்து ஒரு பையன், ஒரு பெண் என 24 பேரைக் களத்தில் இறக்கி, ஒருவர் மிஞ்சும்வரை சாகவிடும் போட்டிதான் ஹங்கர் கேம்ஸ். இந்த வரிசையைப் படிக்கும்போது யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கணக்கு வைப்பது என் வழக்கம். கதை முழுவதும் போட்டியாளரான 12ஆம் மாவட்டத்துப் பெண் காட்னிஸ் வாயால் வருகிறது. அவள் பார்க்காத சாவு நமக்கும் தெரியாது. ஒருவர் செத்தால் ஒரு பீரங்கிச் சத்தம், இரவானால் வானத்தில் அன்று செத்தவர்களின் முகம், அவ்வளவுதான் தகவல். முதல் தடவை இரண்டையும் ஒரே வரிசையில் குறித்து, ஒரே ஆளை இரண்டு முறை கழித்துவிட்டேன். இப்போது சத்தத்துக்கு ஒரு கட்டம், முகத்துக்கு ஒரு கட்டம்.

அப்படிப் பிரித்தபிறகுதான் முதல் புத்தகத்தில் போட்டியின் முதல் நாள் இரவு எவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கிறது என்று பிடிபட்டது. பதினோரு பீரங்கி ஏற்கெனவே வெடித்தாயிற்று. முகங்கள் மாவட்ட வரிசையில் வரும். முதலில் வருவது 3ஆம் மாவட்டத்துப் பெண். அப்படியென்றால் 1, 2 மாவட்டத்து நால்வரும் பிழைத்துவிட்டார்கள்! வராத முகம்தான் அங்கே செய்தி. மரத்தின் மேல் காட்னிஸ் விரல்விட்டு எண்ணிக்கொண்டே போகிறாள். பத்து விரலும் தீர்ந்துபோகிறது, இன்னும் ஒரு முகம் பாக்கி. அவள் மாவட்டத்துப் பையன் பீட்டாவா? இல்லை, 10ஆம் மாவட்டத்துப் பெண். அதுவரை நான் பேனாவை எடுக்கவேயில்லை.

24 பேர் 13 ஆகி, 12, 10, 8 என்று இறங்குகிறது. எட்டு ஆறாகும் இடத்தில், காட்னிஸோடு கூட்டு சேர்ந்த சிறுமி ரூ இருக்கிறாள். அவள் பெயரைப் பேனாவால் அடிக்க மனம் வரவில்லை. பென்சிலால் மெல்லிய கோடு போட்டேன்.

இரண்டாம் புத்தகமான கேட்சிங் ஃபயருக்கு ஒரு வட்டம் போட்டு 12 கூறாக்கினேன். களமே கடிகாரம் என்பதால் அது எளிதாகப் போனது.

மாக்கிங்ஜேயில் களமும் இல்லை, பீரங்கிக் கணக்கும் இல்லை. காட்னிஸ் இப்போது தங்கியிருக்கும் 13ஆம் மாவட்டம் நிலத்தடியில் இருக்கிறது. காலையில் சுவரிலுள்ள கருவிக்குள் கையை நீட்டினால் அன்றைய நேர அட்டவணை முன்கையில் ஊதா மையில் பதிந்துவிடும், இரவு பத்து மணிக் குளியல் வரை போகாது. இதில் நோட்டில் எதைக் குறிப்பது? இரண்டு தடவையும் இங்கேதான் நின்றேன். இந்த முறை ஆள் கணக்கை விட்டுவிட்டு, காட்னிஸ் அந்த அட்டவணையை மீறும் இடங்களை மட்டும் எழுதினேன். அவள் எங்கே போய் ஒளிகிறாள், எங்கே தூங்கிவிடுகிறாள் என்று. பக்கம் நிரம்பத் தொடங்கியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

பழைய புத்தகம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. நடைபாதையில் நான் வாங்கிய மாக்கிங்ஜேயில் 16 பக்கம், அதாவது ஒரே தாளாக அச்சாகி மடிக்கப்படும் ஒரு ஃபாரம், முழுதாக இல்லை. கடைக்காரர் மாற்றித் தரவில்லை. காசு கொடுக்கும் முன் பக்க எண்களைப் புரட்டிப் பாருங்கள். இந்தத் தொடரில் மூன்று புத்தகத்துக்கும் தலா 27 அத்தியாயம், அதையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இன்னும் 18 அத்தியாயம் இருக்கிறது. அதற்குள் 2025இல் இதே வரிசையில் வந்த சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்குக்கு நோட்டைத் தயார் செய்துவிட்டேன். 50ஆவது போட்டி, ஆட்கள் இரட்டிப்பு, 48 பேர். ஒரு பக்கம் போதவில்லை, இரண்டு பக்கத்தை ஒட்டிக் கோடு போட்டேன். ஹேமிச், மேசிலி இரண்டு பெயரும் இரண்டாம் புத்தகத்திலேயே வந்துவிட்டதால் 12ஆம் மாவட்டத்துக்குக் கீழே எழுதியாயிற்று. மற்ற 46 வரி காலி.