ஆணையைக் காட்டுங்கள் என்று கேட்ட பதிவர்கள்

சென்னையில் இணையச் சேவை வழங்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். ரவுட்டர்களைப் பராமரிப்பது, கேபிள் அறுந்தால் மாற்றுப் பாதையில் இணைப்பைத் திருப்புவது ஆகியவற்றோடு, அரசு தடுக்கச் சொல்லும் வலைத்தளங்களை எங்கள் சந்தாதாரர்களுக்குக் கிடைக்காமல் செய்வதும் அந்த வேலையில் அடக்கம். இணையத் தணிக்கையைப் பற்றிச் சட்ட வல்லுநர்களும் பாதிக்கப்பட்டவர்களும் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் தடை நிஜமாகவே நடந்தேறும் இடம் எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைதான் என்பதால், அங்கிருந்து தெரிந்ததையும் யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்களுக்கு வந்த பட்டியல்களில் என்ன இருந்தது என்பதை வெளியிட எனக்கு உரிமையில்லை. பொதுவெளியில் ஏற்கெனவே உள்ளவற்றை மட்டுமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன்.

2006 ஜூலை 11 அன்று மும்பைப் புறநகர் ரயில்களில் குண்டுகள் வெடித்தன. அதற்கடுத்த சில நாட்களில், 20க்கும் குறைவான இணைய முகவரிகளைத் தடுக்கும்படி தொலைத்தொடர்புத் துறை சேவை நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அவற்றுள் சில, கூகுளின் இலவசச் சேவையான பிளாக்ஸ்பாட்டில் இருந்த வலைப்பதிவுகள். அக்காலத்தில் பிளாக்ஸ்பாட்டின் அத்தனை பதிவுகளும் கூகுள் கணினிகளை அடையாளம் காட்டும் ஒருசில எண்களிலிருந்துதான், அதாவது ஐபி முகவரிகளிலிருந்துதான், வந்துகொண்டிருந்தன. ஒரு பதிவை மட்டும் பிரித்து நிறுத்த வேண்டுமானால், ஒவ்வொரு கோரிக்கையிலும் எந்தப் பக்கம் கேட்கப்படுகிறது என்று உள்ளே பார்க்கும் கருவி வேண்டும். பல நிறுவனங்களிடம் அது இல்லை. இருந்தது ரவுட்டர், ரவுட்டருக்குத் தெரிந்தது ஐபி முகவரி. ஆகவே நாட்டின் பல இணைப்புகளில் பிளாக்ஸ்பாட் முழுவதுமே அடைபட்டது. டைப்பேட், ஜியோசிட்டீஸ் ஆகிய சேவைகளும் அப்படியே போயின. தமிழில் வலைப்பதிவு என்றாலே பெரும்பாலும் பிளாக்ஸ்பாட் என்றிருந்த நாட்கள் அவை. தமிழ் வலைப்பதிவுகளின் இடுகைகளைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் தளத்தில் இடுகையின் தலைப்பு தெரியும், சொடுக்கினால் பக்கம் வராது. பிளாக்ஸ்பாட் இடுகைகளை எழுதப் பயன்படும் பிளாக்கர் தளம் திறந்தே இருந்ததால் பதிவர்களால் எழுதிப் பதிப்பிக்க முடிந்தது. பதிப்பித்ததைப் படித்துப் பார்க்கத்தான் முடியவில்லை.

எங்களை அழைத்த சந்தாதாரர்களில் பெரும்பாலோர் இணைப்பில் பழுது என்றே நினைத்தார்கள். சிலர் அப்படி நினைக்கவில்லை. வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருந்த பெண் ஒரு பதிவரின் அழைப்பை எங்களிடம் மாற்றிவிடுவதற்கு முன், அவர் கேட்டதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்தார். “ஆணையோட நம்பர், தேதி, கையெழுத்துப் போட்ட அதிகாரியோட பதவி, இந்த மூணை மட்டும் சொல்லுங்க மேடம், மத்ததை நான் பாத்துக்கிறேன்” என்று கேட்டிருந்தார் அவர். கோபமோ மிரட்டலோ இல்லாத அந்தக் கேள்விக்கு எங்கள் நிறுவனத்தில் யாரும் பதில் சொல்ல அனுமதிக்கப்படவில்லை.

அந்த வாரத்தில் பதிவர்கள் செய்த வேலையை இன்றைக்கும் மரியாதையோடு நினைக்கிறேன். எந்த ஊரில், எந்த நிறுவனத்தின் இணைப்பில், எது திறக்கவில்லை என்பதை ஒருவரோடொருவர் சரிபார்த்துத் தொகுத்தார்கள். அதற்கு முந்தைய அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்திருந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு அனுப்பினார்கள். படிக்க வழியில்லாதவர்களுக்கு பிகேபிளாக்ஸ் என்ற தளத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில், நபிகள் நாயகம் பற்றிய டென்மார்க் கேலிச்சித்திரச் சர்ச்சையின்போது பாகிஸ்தான் அரசு பிளாக்ஸ்பாட்டைத் தடுத்ததால், அங்குள்ளவர்கள் உருவாக்கிய மாற்றுவழி அது. பாகிஸ்தான் வாசகர்களுக்காகத் திறந்த வாசல் வழியாகச் சென்னைவாசி தன் சொந்த வலைப்பதிவைப் படித்தார். அங்கே உமர் அல்வியும் அவாப் அல்வியும் நடத்திய ‘டோன்ட் பிளாக் த பிளாக்’ இயக்கம் எல்லைக்கு இந்தப் பக்கமும் உதவியது. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் தடுத்தால் போதும் என்று தொலைத்தொடர்புத் துறை விளக்கமளித்த பிறகு, தளங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

பின்னர் சட்டம் மாறியது. இணையத்தில் உள்ளதைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் தரும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவும் 2009ஆம் ஆண்டின் தடுப்பு விதிகளும் வந்தன. ஆணையை நிறைவேற்றத் தவறும் நிறுவனத்தினருக்கு 7 ஆண்டுகள் வரை சிறை. எழுதியவருக்கோ தளத்தை நடத்தும் இடைநிலை நிறுவனத்துக்கோ அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 8ஆம் விதி சொல்கிறது; நிறுவனத்துக்கு மட்டும் அனுப்பிவிட்டால் எழுதியவருக்கு எதுவுமே தெரியாமல் போகலாம். கோரிக்கை, புகார், நடவடிக்கை எல்லாம் கண்டிப்பாக ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது 16ஆம் விதி. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கல் வழக்கில் இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததைப் பலரும் கொண்டாடினார்கள், நானும் மகிழ்ந்தேன். ஆனால் அதே தீர்ப்பு 69ஏ பிரிவையும் தடுப்பு விதிகளையும் செல்லும் என்றது. தடைக்கான காரணம் எழுத்தில் பதிவாக வேண்டும், அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட முடியும் என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று. கண்ணில் காட்டாத காகிதத்தை எதிர்த்து மனு எழுதுவது எப்படி என்ற இடத்தில்தான் ஒவ்வொரு பதிவரும் போய் நிற்கிறார்.

கடிதங்கள் ஸ்கேன் செய்த படமாக வரும். முகவரிகளை நகலெடுத்து ஒட்ட முடியாது; ஒருவர் வாசிக்க, இன்னொருவர் தட்டச்சு செய்வார். ஆங்கில எழுத்து ‘l’ ஆ, எண் ‘1’ ஆ என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்போம், ஏனென்றால் அந்த ஒரு குறி மாறினால் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவரின் தளம் நின்றுபோகும். உடனே தடுக்க வேண்டும், நிறைவேற்றிய விவரத்தை எழுதி அனுப்ப வேண்டும், அந்தப் பதில் கடிதத்தில் முகவரிகளைக் குறிப்பிடக் கூடாது என்ற வாசகங்கள் இருக்கும். வெளியே கசிந்து பத்திரிகைகளில் வந்த 2012ஆம் ஆண்டு ஆணைகளிலும் இதைக் காணலாம். காரணம் இருக்காது. எத்தனை காலத்துக்கு என்பதும் இருக்காது. தடையை நீக்கச் சொல்லும் கடிதம் வருவது மிக அரிது என்பதால் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும். தளத்தை நடத்தியவர் அதைக் கைவிட்டு, அந்தப் பெயரை வேறொருவர் வாங்கியிருந்தாலும், தடை அப்படியே கிடக்கும்.

போக்குவரத்தை மறைகுறியாக்கும் எச்டிடிபிஎஸ் முறை பரவலான பிறகு நிலைமை இன்னும் முரடானது. இப்போது சேவை நிறுவனத்துக்குத் தெரிவது தளத்தின் பெயர் மட்டுமே, பக்கம் தெரியாது. ஒரே ஒரு கட்டுரைக்கு எதிரான ஆணையை எங்கள் மட்டத்தில் நிறைவேற்றினால் தளம் முழுவதும் போய்விடும். சில நிறுவனத்தினர், தளத்தின் பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ்ஸில் தவறான பதிலைத் தந்துவிடுகிறார்கள். சிலர் இணைப்பு தொடங்கும்போது தெரியும் பெயரைப் பார்த்துத் துண்டிக்கிறார்கள். துண்டிக்கப்பட்டவருக்குத் தடை என்ற அறிவிப்பைக்கூடக் காட்ட முடிவதில்லை. திரையில் பழுது போலவே தெரியும். தணிக்கை பழுதின் தோற்றத்தில் வருவதுதான் இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

தனுல் தாக்கூர் என்ற எழுத்தாளர் 2011இல் வரதட்சணை வழக்கத்தைக் கிண்டல் செய்து ‘டௌரி கால்குலேட்டர்’ என்ற தளத்தை அமைத்தார். சில ஆண்டுகளில் அது தடுக்கப்பட்டது, அவரிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. தகவல் கேட்டால் 16ஆம் விதியைக் காட்டி மறுத்தார்கள். தில்லி உயர் நீதிமன்றம்வரை போன பிறகு, 2022 மே மாதம், ஆணையின் நகலை அவருக்குக் கொடுத்து, அவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. 2006இல் எங்களைத் தொலைபேசியில் அழைத்தவர் கேட்டதும் ஆணையின் விவரத்தைத்தான்.

விகடன் தளத்தின் கதை தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். கைவிலங்கோடு பிரதமர் அமெரிக்க அதிபரின் அருகில் அமர்ந்திருப்பதாகக் காட்டிய கேலிச்சித்திரம் விகடன் பிளஸ் இதழில் வந்த சில நாட்களில், 2025 பிப்ரவரி 15 மாலையிலிருந்து, பலருக்குத் தளம் திறக்கவில்லை. முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை என்று அப்போது விகடன் தெரிவித்தது. படத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தடையை விலக்க வேண்டும் என்று மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு படத்துக்காக ஒரு பெரிய இதழ்க் குழுமத்தின் தளமே நின்றிருந்தது. 1987இல் அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனைத் தமிழகச் சட்டப்பேரவை சிறைக்கு அனுப்பியபோது, தீர்மானம் அவையில் எல்லோர் முன்னும் நிறைவேறியது. யார், எதற்கு, எத்தனை மாதம் என்று ஊருக்கே தெரிந்தது. அதனால்தான் ஊரும் உடனே கொதித்தது, அவரும் வழக்காடி வென்றார். கொடுமை குறைவாக இருந்தது என்று சொல்லவில்லை, எதிர்ப்பதற்கு ஒரு முகவரி இருந்தது என்கிறேன்.

இப்போது நான் அந்த வேலையில் இல்லை. தளம் திறக்கவில்லை என்று பதிவர்கள் யாராவது கேட்டால், முதலில் குறைந்தது இரண்டு நிறுவனங்களின் இணைப்பில் முயன்று பார்க்கச் சொல்கிறேன். டிஎன்எஸ்ஸை மாற்றியும் பார்க்க வேண்டும். தளம் தடுக்கப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கும் ஊனி புரோப் செயலியில் சோதித்து, நேரத்தோடு முடிவைச் சேமித்துக்கொள்ள வேண்டும். பிறகு தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கும் தொலைத்தொடர்புத் துறைக்கும் தனித்தனியே தகவல் உரிமை மனு. மறுப்புத்தான் வரும், வரட்டும். அந்த மறுப்புக் கடிதத்தில் எண் இருக்கும், தேதி இருக்கும், ஓர் அதிகாரியின் பதவி இருக்கும். வழக்கறிஞருக்குத் தொடங்குவதற்கு அது போதும்.