ஒரு பாட்டில் தீக்குச்சி

இன்று சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில்கூட விளக்கேற்ற வழியில்லை. தீக்குச்சிக்குப் பஞ்சமில்லை, எங்கள் வீட்டிலேயே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருந்தது. உரசத்தான் பெட்டி இல்லை.

எல்லாம் கோடை முகாம் மிஸ் செய்த வேலை. முந்தின நாள் ராத்திரி ஒன்பதே காலுக்கு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருகிறது: "டியர் பேரன்ட்ஸ், நாளைக்கு ஆளுக்குப் பன்னிரண்டு காலி தீப்பெட்டி." கீழே ஒரு கும்பிடு, ஒரு சூரியகாந்திப் பூ. காலி தீப்பெட்டியை எந்த வீட்டில் சேர்த்து வைக்கிறார்கள்? இவர் கைலியோடு ஓடி, அண்ணாச்சி கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும்போது குனிந்து உள்ளே போய் ஒரு பண்டலும் உதிரியாக ஒன்றும் வாங்கி வந்தார். பெட்டி இரண்டு ரூபாய். 2021 டிசம்பரில்தான் ஒரு ரூபாயிலிருந்து ஏற்றினார்கள், அதுவும் 14 வருஷம் கழித்து. கோவில்பட்டி, சாத்தூர்க்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை. முகாம்காரர்கள் போன வருஷத்தைவிட இந்த வருஷம் ஐந்நூறு ரூபாய் கூட வாங்கிவிட்டார்கள், பொருள் செலவு தனி.

ஆரம்பத்தில் இவர், "அண்ணா ஸ்டேடியத்தில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் முகாம் நடத்துகிறதே, ஓட்டத்திலோ கூடைப்பந்திலோ சேர்த்துவிடுவோம்" என்றார். நல்ல யோசனைதான். விடியற்காலையில் கொண்டுபோய் விடுவது யார் என்று கேட்டேன். பேச்சு அதோடு நின்றது. கடைசியில், வேத கணிதம், கீபோர்டு, கைவினை, அடுப்பில்லாச் சமையல், ஆளுமைத் திறன் என்று பத்து நாளில் பிள்ளையைக் கலெக்டராக்கிக் கையில் கொடுப்பதாக நோட்டீஸ் அடித்த இடத்தில் சேர்த்தோம். பத்து மணிக்கு விட்டால் பன்னிரண்டரை வரை நான் நிம்மதியாக ஆபீஸ் மீட்டிங்கில் உட்காரலாம் என்று கணக்கு. உட்காரவும் செய்கிறேன். கேமராவை அணைத்துவிட்டு, மறுநாளைக்கான சிரட்டையைத் தேய்த்துக்கொண்டு.

அடுப்பில்லாச் சமையலில் முதல் பாடம் எலுமிச்சை ஜூஸ். சின்னவள் வீட்டுக்கு வந்து அத்தையை உட்கார வைத்து, பழத்தை எப்படி உருட்டினால் சாறு நிறைய வரும் என்று வகுப்பெடுத்தாள். சித்திரை பிறந்தால் மூன்று வீட்டுக்கு ஊறுகாய் போடுகிற அத்தை, கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்கள். "அப்படியாட்டி? உப்பும் ஒரு சிட்டிகை போடணுமோ?"

சரி, விளக்குக்கு வருவோம். பன்னிரண்டாவது பெட்டிக்கு வேறு வழியில்லாமல் பூஜை அறைப் பெட்டியும் முகாமுக்குப் போயிருந்தது. ஆறு மணிக்கு அத்தை மாடத்தைத் தடவுகிறார்கள், இல்லை. பாட்டிலை நீட்டினேன். ஒரு குச்சியை எடுத்துச் சுவரில் உரசினார்கள், தரையில் உரசினார்கள், அம்மியில் உரசினார்கள். உடனே இவர் போனைப் பார்த்துக்கொண்டே, பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் பூசியிருப்பார்கள், குச்சி அதில் பட்டால்தான் பற்றும் என்று விளக்கம் கொடுத்தார். விளக்கம் வந்தது, விளக்கு எரியவில்லை. அடுப்பில் பற்ற வைத்துக் கொண்டுவரட்டுமா என்று நான் கேட்டதற்கு, "கருவாட்டுக் கடையில பூ வாங்குவியா நீ?" என்று ஒரு பார்வை. எங்கள் அடுப்பு வெங்காயத்துக்கு மேல் எதையும் கண்டதில்லை!

பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே அந்த அக்கா ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறையக் குச்சியோடு வாசலில் நிற்கிறார். அவர்கள் பையனும் அதே முகாம். எதிர்வீட்டில் பிளாஸ்டிக் டப்பா. அண்ணாச்சி கடையில் இருப்பு காலி. "ராத்திரியோட ராத்திரியா அம்பது பண்டல் போயிருக்கு, எதும் கோயில் கொடையான்னு நெனச்சேன்" என்றார்.

சின்னவள் அப்போதுதான் நடன வகுப்பு முடிந்து வந்தாள். முகாமில் செய்த நெல்லை எக்ஸ்பிரஸ் மத்தியானத்திலிருந்து அலமாரி மேல்தான் இருந்தது. எஞ்சின் உட்படப் பன்னிரண்டு பெட்டி, சுற்றிலும் நீலத் தாள், ஜன்னலுக்குப் பதில் பொட்டு. உரசும் பக்கம் எல்லாம் பசை போட்டு ஒட்டியாகிவிட்டது என்று நாங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் ரயிலை இறக்கி, கடைசியில் இருந்த கார்டு பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டாமல் பழுப்பாக இருந்தது. "மிஸ் ஏன் ஒட்டலைன்னு திட்டுனாங்க. ஆச்சிக்கு வெளக்கேத்த வேணும்லா, அதான் விட்டுட்டேன்."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கார்டு பெட்டியில் உரசி விளக்கேற்றிவிட்டு, ரயிலை முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். கடைசி நாள் கண்காட்சிக்கு அது வேண்டும் என்று மிஸ் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பின்பக்கம் முழுக்கக் கோடு கோடாக இருக்கும்.

அந்த நெகிழ்ச்சி ராத்திரிச் சாப்பாடு வரைக்கும்கூடத் தாங்கவில்லை. நாளைக்கு ஆறு முட்டை ஓடு வேண்டுமாம். உச்சியில் மட்டும் உடைத்து, கழுவிக் காய வைத்தது. "என்ன கேக்கா அந்த மிஸ்?" என்று அத்தை உள்ளேயிருந்து கேட்டார்கள். "கலர் பேப்பர்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். இவர் துணிப்பைக்குள் பழைய டிபன் பாக்ஸை மறைத்துக்கொண்டு பரோட்டாக் கடைப் பக்கம் போயிருக்கிறார். ஒரு மணி நேரமாகிறது, ஆளைக் காணோம்.