ரிட்டர்ன் தேதிய மாத்துறதுக்கு முன்னாடி விசாவ எடுத்துப் பாருங்க

வெளிநாட்டுல மூணு மாசம், ஆறு மாசம்னு தங்கப்போறவங்க பெரும்பாலும் டிக்கெட்ல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. எந்த தேதியில விலை கம்மி, வர்ற தேதிய இப்போதைக்கு ஏதோ ஒண்ணு போட்டுட்டு அப்புறம் மாத்திக்கலாமானு. எனக்கு இது தலைகீழாத்தான் படுது. அந்த நாடு உங்கள எத்தன நாள் இருக்க விடுதுனு முதல்ல பாத்துட்டு, அந்தக் கடைசி நாள்ல இருந்து பின்னாடி எண்ணிட்டு வந்துதான் ரிட்டர்ன் போடணும். காசு கட்டினா ஏர்லைன்காரங்க எந்த தேதிக்கு வேணாலும் மாத்திக் குடுப்பாங்க, ஆனா அந்த தேதி வரைக்கும் நீங்க அங்க இருக்கலாமாங்கிறது உங்க பொறுப்பு.

ரொம்பப் பேர் குழப்பிக்கிற இடம், விசா முடியுற தேதியும் தங்க அனுமதிச்ச தேதியும் ஒண்ணுனு நினைக்கிறது. அமெரிக்காவுக்கு பத்து வருஷ பி1/பி2 விசா (சுத்திப் பாக்கவும் பிசினஸ் விஷயமாவும் போறதுக்கானது) கையில இருக்கும், ஆனா ஒவ்வொரு தடவை போறப்பவும் எவ்ளோ நாள் இருக்கலாம்னு ஏர்போர்ட்ல அதிகாரிதான் முடிவு பண்றாரு, பொதுவா ஆறு மாசம். அந்தக் கடைசி தேதி ஐ-94ங்கிற வருகைப் பதிவுல இருக்கும், இறங்கின அன்னிக்கே ஆன்லைன்ல எடுத்துப் பாத்துடுங்க. அதத் தாண்டி ஒரு நாள் இருந்தாலே கையில இருக்கிற அந்தப் பத்து வருஷ விசா செல்லாமப் போயிடும், 180 நாளத் தாண்டிட்டுக் கிளம்பினா மூணு வருஷம் உள்ள வர முடியாது, ஒரு வருஷம் தாண்டினா பத்து வருஷம். இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னா ஐ-539ங்கிற நீட்டிப்பு விண்ணப்பம் போடலாம், முடியுறதுக்கு 45 நாள் முன்னாடியாவது போடுங்கனு குடியேற்றத் துறையே சொல்லுது, ஆனா போட்டா கண்டிப்பா கிடைக்கும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. டிக்கெட்ட தள்ளிப் போட்டாச்சு, அதனால தங்குற நாளும் தள்ளிப் போச்சுனு மட்டும் தயவுசெஞ்சு நினைச்சிடாதீங்க.

ஷெங்கன் (ஒரே விசாவுல போய் வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) கணக்கு வேற மாதிரி, இதுலதான் அதிகம் தப்பு நடக்குது. எந்த 180 நாள எடுத்துக்கிட்டாலும் அதுக்குள்ள 90 நாள்தான், போய் இறங்குற நாளும் கிளம்புற நாளும் சேத்தி. பக்கத்து நாட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்தா கணக்கு புதுசா ஆரம்பிக்கும்னு சொல்றவங்க இருக்காங்க, ஆரம்பிக்காது. ஜனவரி 1ல இருந்து மார்ச் 31 வரைக்கும் முழுசா இருந்துட்டீங்கன்னா (லீப் வருஷம் இல்லாதப்போ சரியா 90 நாள்), திரும்ப உள்ள வரக்கூடிய முதல் நாள் ஜூன் 30தான். அப்புறம் பாஸ்போர்ட்ல ஒட்டுற விசா ஸ்டிக்கர்ல ரெண்டு தேதி போக, எத்தன நாள்னு தனியா ஒரு எண் இருக்கும், அதத்தான் பாக்கணும். ஜூன் 1ல இருந்து ஜூலை 15 வரைக்கும்னு போட்டு, நாள் 30னு இருந்தா, அந்த 45 நாளுக்குள்ள ஏதோ ஒரு 30 நாள் இருந்துக்கலாம்னு அர்த்தம், ஜூன் 1 போனவங்க ஜூன் 30 கிளம்பியே ஆகணும். இப்போ 2025 அக்டோபர் 12ல இருந்து உள்ள வர்றதும் வெளிய போறதும் கைரேகை, போட்டோவோட கம்ப்யூட்டர்ல பதிவாகுற முறைய படிப்படியா கொண்டு வந்திருக்காங்க, அதனால ஸ்டாம்ப் சரியாத் தெரியல அப்படி இப்படினு பேசுறதுக்கெல்லாம் இடமே இருக்காது.

சரி டிக்கெட். "தேதி மாத்த கட்டணம் இல்ல"னு போட்டிருந்தா ஃப்ரீனு நினைக்காதீங்க, கட்டணம் இல்லாம இருக்கலாம் ஆனா விலை வித்தியாசம் கட்டணும், நீங்க வாங்கின அதே வகை சீட் புது தேதியில காலியா இல்லன்னா அடுத்த விலையிலதான் கிடைக்கும், சீசன்ல அந்த வித்தியாசம் புது டிக்கெட் அளவுக்கே வந்து நிக்கும். அதனால மாத்துறதுனு முடிவு பண்ணிட்டா சீக்கிரம் மாத்துங்க. பொதுவா டிக்கெட்டுக்கு ஒரு வருஷம் ஆயுசு, ஆனா சில மலிவு டிக்கெட்ல மூணு மாசத்துக்குள்ளயே திரும்பிடணும்னு இருக்கும், வாங்குறதுக்கு முன்னாடியே அந்த விதிய படிச்சுடுங்க. ஏஜென்ட் மூலமா வாங்கினதுன்னா ஏர்லைன் பெரும்பாலும் அவர்கிட்டயே போகச் சொல்லும், அவர் தனியா ஒரு தொகை வாங்குவாரு. ஏர்லைனே நேரத்த பெருசா மாத்தி மெயில் அனுப்பினா உடனே ஓகே குடுத்துடாதீங்க, அந்த சமயத்துல கேட்டா பல தடவை காசில்லாமலே தேதி மாத்திக் குடுப்பாங்க. மாத்தவும் இல்லாம போகவும் இல்லாம விட்டா நோ-ஷோ ஆகி மொத்தப் பணமும் போக வாய்ப்பிருக்கு.

கடைசி நாள்ல மட்டும் டிக்கெட் போடாதீங்க, ஒரு வாரமாவது முன்னாடி போடுங்க. ஃப்ளைட் கேன்சலாகும், உடம்பு முடியாமப் போகும், என்ன வேணாலும் நடக்கலாம். ராத்திரி 12.30 ஃப்ளைட்டுன்னா தேதி அடுத்த நாளோடது, இத கவனிக்காம ஒரு நாள் தாண்டிடுறவங்க நிறையப் பேரு. புது தேதியில ஃப்ளைட் வேற ஊரு வழியா போகுதுன்னா அங்க ட்ரான்ஸிட் விசா வேணுமானும் பாக்கணும், மெடிக்கல் இன்சூரன்ஸயும் அது முடியுறதுக்குள்ளயே நீட்டிக்கணும், முடிஞ்சதுக்கு அப்புறம் கேட்டா பல கம்பெனில முடியாதும்பாங்க. எல்லாம் மாத்தி முடிச்சதும் புது இ-டிக்கெட் மெயில்ல வந்துச்சானு பாருங்க, பணம் மட்டும் போய் டிக்கெட் மாறாமக் கிடந்தா அன்னிக்கே போன் போட்டு சரி பண்ணிடுங்க, ஏர்போர்ட்டுக்குப் போய் நின்னு பாத்துக்கலாம்னு விடாதீங்க.