பதினஞ்சே முக்கால் டாலர்

எங்க ஸ்கூல் ஆபீஸ் கவுண்டர்ல அந்தம்மா கடைசியா கேட்டது ஒரு கேள்வி, ஸ்கூலுக்காக சொத்து வரி ஏத்துற ஓட்டைப் பத்தி. "நீ என் இடத்துல இருந்தா என்னம்மா பண்ணுவ?" அவங்க சொன்ன வார்த்தை "ஹனி", எனக்கு காதுல விழுந்தது "அம்மா"ன்னுதான். நான் சொன்ன பதில், "எனக்கு இங்க ஓட்டே கிடையாதுங்க. நான் சிட்டிசன் இல்ல."

பொய் இல்ல, நூத்துக்கு நூறு உண்மை. க்ரீன் கார்டு வச்சிருக்கிறவளுக்கு ஓட்டு கிடையாது. ஆனா அவங்க கேட்டது அது இல்லன்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிரிச்சாங்க, பேரனோட லஞ்ச் அக்கவுண்டுக்கு கட்டின 20 டாலருக்கு ரசீது வாங்கிட்டு போயிட்டாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் பாத்திரம் விளக்கும்போது திடீர்னு ஞாபகம் வருது.

நான் வேலை பாக்குறது ஓஹியோல ஒரு சின்ன கிராமத்து ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல, அதாவது அந்த வட்டாரத்து ஸ்கூலை நடத்துற அமைப்புல, கணக்கு வழக்கு பாக்குற ட்ரெஷரர் ஆபீஸ் அசிஸ்டண்ட். சுத்தி சோளமும் சோயாவும், நடுவுல ஸ்கூல். நம்ம ஊர்ல எங்கப்பா கவர்மெண்ட் ஸ்கூல் வாத்தியார், அவர் சம்பளம் எங்கிருந்து வருதுன்னு ஊர்ல யாரும் கேட்டதில்ல, ட்ரெஷரில இருந்து வரும், அவ்ளோதான். இங்க அப்படி இல்ல. பணத்துல ஒரு பங்கு ஸ்டேட் குடுக்கும், மிச்சத்துல பெரும்பகுதி ஊர்க்காரங்க சொத்து வரி, அந்த வரியை ஏத்தணும்னா ஊரே ஓட்டு போட்டு சரின்னு சொல்லணும். அதுக்குப் பேர் லெவி. பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டு போட்டாத்தான் அப்பாவுக்கு சம்பளம்னு இருந்திருந்தா எங்க வீடு எப்படி இருந்திருக்கும்னு சில சமயம் யோசிப்பேன்.

டிஸ்ட்ரிக்டை நிர்வாகம் பண்ற ஸ்கூல் போர்டுல 5 பேர், ஊர்க்காரங்களே தேர்ந்தெடுக்கிறது, 4 வருஷ பதவி. ஓஹியோல ஒரு விசேஷம், ட்ரெஷரர், டிஸ்ட்ரிக்டோட தலைமை அதிகாரியான சூப்பரிண்டெண்டெண்டுக்கு கீழ வேலை பாக்குறவர் இல்ல, அவரை நேரா போர்டே நியமிக்குது, போர்டு மினிட்ஸ் எழுதுறதும் அவர்தான். அதாவது அவர் கையெழுத்து, டைப்பிங் நான். அதனால யார் என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியும். இது பின்னாடி வரும்.

சட்டத்தை முதல்ல சொல்லிடுறேன், என் பக்கம் இருக்கிற ஒரே சாட்சி அதுதான். ஸ்கூல் காசுலயோ ஸ்கூல் வேலை நேரத்துலயோ லெவிக்கு ஆதரவாவும் எதிராவும் பிரச்சாரம் பண்ணக்கூடாது. தகவல் சொல்லலாம், கணக்கு சொல்லலாம், "போடுங்க"ன்னு சொல்லக்கூடாது. ட்ரெஷரர் எங்களை உக்கார வச்சு, ஒரு ஈமெயில்ல ஒரு வரி தப்பா போனாலும் தலைவலிதான்னு பாடம் எடுத்திருந்தார். அன்னிக்கு மணி ரெண்டு, நான் கவுண்டர்ல இருக்கேன், கழுத்துல ஐடி கார்டு. வேற என்ன சொல்லியிருக்க முடியும்?

தகவல் சொன்னேன், நல்லாவே சொன்னேன். அந்த நவம்பர்ல 6 மில் கேட்டிருந்தோம். ஒரு மில்னா வரி மதிப்புல 1000 டாலருக்கு 1 டாலர், வரி மதிப்புங்கிறது மார்க்கெட் மதிப்புல 35 சதவீதம், அப்போ 1 லட்சம் டாலர் வீட்டுக்கு ஒரு மில் 35 டாலர், 6 மில்னா 210. அவங்க வீடு, சொத்துக்கு மதிப்பு போடுற கவுண்டி ஆடிட்டர் கணக்குல 90,000. கால்குலேட்டர்ல தட்டிக் காமிச்சேன், வருஷத்துக்கு 189, மாசத்துக்கு 15 டாலர் 75 சென்ட். "சோஷியல் செக்யூரிட்டி செக்ல இருந்து இது போகணும்"னு மெதுவா சொன்னாங்க, வயசானவங்களுக்கு கவர்மெண்ட் குடுக்குற மாசப் பணம் அது. குறை சொல்ற குரல் இல்ல அது, பால் என்ன விலைன்னு பாக்குற மாதிரி. அதுக்கப்புறம்தான் அந்த கேள்வி.

அதுக்கு முன்னாடி இன்னொண்ணும் கேட்டாங்க, எல்லாரும் கேக்குறதுதான்: "போன வருஷம்தான் வீட்டு மதிப்பை ஏத்துனாங்களே, அந்த காசெல்லாம் எங்க போச்சு?" இந்தக் கேள்வியை ஒரு சீசன்ல நாப்பது தடவை கேட்டிருப்பேன். 1976ல வந்த ஹவுஸ் பில் 920ங்கிற ஓஹியோ சட்டம்தான் காரணம். மதிப்பு ஏறினா, ஓட்டு போட்டு வந்த லெவியோட விகிதத்தை சட்டமே இறக்கிடும், ஸ்கூலுக்கு அதுல பழைய டாலர்தான் வரும். மதிப்பு ஏறாம காப்பாத்துறதுக்கு இல்ல, வரி ஏறாம காப்பாத்துறதுக்கு வந்த சட்டம். 20 மில்லுக்கு கீழ மட்டும் இறங்காது, அந்த தரையைத் தொட்ட டிஸ்ட்ரிக்டுக்கு மதிப்பு ஏற ஏற கொஞ்சம் காசு வரும், நாங்க இன்னும் தொடல. டீசல் விலை ஏறும், ஹெல்த் இன்ஷூரன்ஸ் ஏறும், வரவு அப்படியே நிக்கும், அதனால சில வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்கிட்ட கையேந்தணும். ஊர்க்காரங்க "மறுபடியுமா"ன்னு கேப்பாங்க. அவங்க கேக்குறதும் நியாயம்தான். இதுல கூத்து என்னன்னா, மதிப்பு ஏறினதைப் பாத்து ஸ்டேட் ஃபார்முலா "நீங்க பணக்காரங்க ஆயிட்டீங்க"ன்னு அவங்க பங்கை குறைக்கவும் செய்யும். இத்தனைக்கும் 1997லயே ஓஹியோ சுப்ரீம் கோர்ட் 4க்கு 3ன்னு தீர்ப்பு சொல்லியாச்சு, சொத்து வரியை இவ்ளோ நம்புறது ஸ்டேட் அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு. டீரால்ஃப் கேஸ், பெர்ரி கவுண்டி கிராமப்புற ஸ்கூல்ல இருந்து கிளம்பினது. அப்புறம் 2000லயும் 2002லயும் அதே கோர்ட் அதையே சொல்லுச்சு. 2021ல புது ஃபார்முலா வந்துச்சு, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா அமல் பண்ணாங்க. நாங்க இன்னும் லெவி நோட்டீஸ் டைப் பண்ணிட்டுதான் இருக்கோம். இதையெல்லாம் கவுண்டர்ல நின்னு லஞ்ச் காசு கட்ட வந்த ஒரு பாட்டிகிட்ட எப்படி சொல்றது, சொன்னேன் கொஞ்சம், அவங்க பொறுமையா கேட்டாங்க, "லாட்டரி காசு?"ன்னாங்க. லாட்டரி லாபம் கல்விக்குத்தான்னு 1987ல இருந்து அரசியல் சட்டத்துலயே இருக்கு, ஆனா அது ஸ்டேட் குடுக்குற பங்குக்குள்ளயே அடக்கம், மேல ஒண்ணும் வராதுன்னு சொன்னேன். தலையாட்டினாங்க. ஒரு டீச்சர் மாதிரி பெருமையா இருந்துச்சு எனக்கு, அதான் அசிங்கம்.

இப்போ போர்டு விஷயத்துக்கு வரேன். அந்த லெவியை முடிவு பண்ண மீட்டிங்ல ரெண்டு வழி மேஜைல இருந்துச்சு. ஒண்ணு இந்த 6 மில் சொத்து வரி. இன்னொண்ணு ஸ்கூல் வருமான வரி, அதுலயும் சம்பளம், சொந்தத்தொழில் வருமானத்துக்கு மட்டும் போடுற வகை. பென்ஷனுக்கு வராது, சோஷியல் செக்யூரிட்டிக்கு வராது. கிராமப்புற டிஸ்ட்ரிக்ட் நிறைய பேர் வருமான வரிக்கு போயிருக்காங்க. ஒரு மெம்பர், விவசாயி, நிலம் வச்சிருக்கிற எங்களுக்கும் வருமான வரிதானே நல்லதுன்னார். இன்னொருத்தர் சொன்னார், "ஸ்கூலுக்கு ஓட்டு போடுறதே வேலைக்கு போற, புள்ளைங்க இருக்கிற குடும்பங்கதான், பாரம் பூரா அவங்க தலையிலயே வச்சா யாரு போடுவா?" அதுவும் சரிதான், அவர் கெட்டவர் இல்ல. ரெண்டுல எதுன்னு கை தூக்கச் சொன்னப்போ 3க்கு 2ல சொத்து வரி ஜெயிச்சுது. மினிட்ஸ்ல அது ரெண்டு வரி. நான்தான் டைப் பண்ணேன்.

அதாவது, அந்தப் பக்கம் ஒரு கை கூடியிருந்தா லெவி ஜெயிச்சாலும் அந்தம்மா ஒரு சென்ட் கூட கட்ட வேண்டியிருந்திருக்காது. இது எனக்குத் தெரிஞ்சுக்கிட்டே 189 டாலரை கால்குலேட்டர்ல காமிச்சேன். சொல்லியிருக்கலாமா? அது தகவல்தானே, பப்ளிக் மினிட்ஸ்தானே. ஆனா அதை சொல்றது "லெவிக்கு எதிரா போடுங்க"ங்கிறதோட இன்னொரு வடிவம் இல்லையா? சொல்லாம விட்டது ஆதரவா போடச் சொன்னதோட இன்னொரு வடிவமா? நடுநிலைன்னு ஒண்ணு இருக்கிறதாத்தான் சட்டம் நினைக்குது. கவுண்டருக்குப் பின்னாடி நின்னா அது எங்க இருக்குன்னு தெரியல.

இன்னொரு விஷயமும் உண்மையா சொல்லணும். லெவி தோத்தா என் வேலை நேரம் குறையும்னு எனக்கு முன்னாடியே தெரியும். அதனால "போடுங்க"ன்னு சொல்லியிருந்தா அது என் சம்பளத்துக்கு நானே பிச்சை எடுத்த மாதிரி ஆகியிருக்கும். ரொம்ப நாள் இதையே எனக்கு ஆறுதலா சொல்லிக்கிட்டேன், நான் கௌரவமா நடந்துக்கிட்டேன்னு. வீட்டுக்காரர் கூட அதையே சொன்னார், நீ பண்ணது ரூல்படி சரி, விடு. சரி, விட்டேன். ஆனா அதே வாரம் சனிக்கிழமை டாலர் ஜெனரல் கடைல க்யூல எனக்கு முன்னாடி அவங்க நின்னாங்க. சனிக்கிழமை. ஐடி கார்டு கிடையாது, ஸ்கூல் நேரம் கிடையாது, எந்த சட்டமும் என் வாயைக் கட்டல. "பனி சீக்கிரம் வந்துடும் போலிருக்கு"ன்னு பேசிக்கிட்டோம். அவங்க பேரன் எட்டாவது படிக்கிறான்னு சொன்னாங்க, நான் ரொம்ப சந்தோஷம்னேன். எட்டாவதுன்னு கேட்டதுமே எனக்கு உள்ள ஏதோ இடிச்சுது. ஏன்னா எட்டாம் கிளாஸ் வரைக்கும், 2 மைலுக்கு மேல வீடு இருந்தா பஸ் விடணும்னு ஓஹியோ சட்டம் சொல்லுது. ஒன்பதுல இருந்து அது ஸ்கூல் விருப்பம். லெவி தோத்தா முதல்ல வெட்டப் போறது ஹைஸ்கூல் பஸ்னு சூப்பரிண்டெண்டெண்ட் ஒரு லிஸ்ட் வச்சிருந்தார், அதையும் நான்தான் டைப் பண்ணேன், இன்னும் வெளில விடல. வெளிய விட்டா மிரட்டுறாங்கன்னு ஊர் சொல்லும், விடலன்னா மறைச்சாங்கன்னு சொல்லும். நான் என் பிரட்டையும் முட்டையையும் பில் போடுற பெல்ட்ல எடுத்து வச்சேன்.

நவம்பர்ல 31 ஓட்டுல தோத்துச்சு.

31ங்கிற நம்பர் ரொம்ப மோசமான நம்பர். 300னா நிம்மதியா தூங்கியிருப்பேன். 31 பேரும் என் கவுண்டருக்கு வந்துட்டு போன மாதிரியே இருந்துச்சு. அப்புறம் பிப்ரவரில போர்டு ஹைஸ்கூல் பஸ்ஸை ஆகஸ்ட்ல இருந்து நிறுத்துறதா முடிவு பண்ணுச்சு, மே மாசம் அதே லெவியை மறுபடி பேலட்ல போட்டோம், 200 ஓட்டுக்கு மேல வித்தியாசத்துல தோத்துச்சு. கோபம், பஸ்ஸை காட்டி மிரட்டுறாங்கன்னு. ஆக நான் அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது. இது ஆறுதலா இருக்கணும். ஏன் இல்லன்னு தெரியல. ஒருவேளை எனக்கு உறுத்துறது ஓட்டே இல்லையோ என்னவோ. ஒருத்தர் மனசுவிட்டு கேட்டதுக்கு நான் ஒரு பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன்.

இந்தக் குளிர்காலத்துல இன்னொண்ணு தோணுச்சு, அதுதான் ரொம்ப அரிச்சுது. ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷன்! 65 வயசு ஆகி, வருமானம் கம்மின்னா வீட்டு மதிப்புல ஒரு பகுதிக்கு வரியே கிடையாது, கவுண்டி ஆடிட்டர் ஆபீஸ்ல ஒரு ஃபார்ம் குடுத்தா போதும். இதை சொல்ல எந்தத் தடையும் இல்ல, லெவிக்கு சம்பந்தமே இல்லாத தகவல். எதை சொல்லக்கூடாதுங்கிற பயத்துலயே இருந்து சொல்லக்கூடிய ஒரே உருப்படியான விஷயத்தை மறந்துட்டேன். ஃபார்மை ப்ரிண்ட் எடுத்து டிராயர்ல வச்சிருந்தேன், வந்தா குடுக்கணும்னு.

ஜனவரில வந்தாங்க, லஞ்ச் அக்கவுண்டுக்கு 20 டாலர். பேரனை பக்கத்து பண்ணைக்காரர் காலைல ட்ரக்ல ஏத்திட்டு வர்றாராம், சாயந்தரம் இவங்களே வந்து கூட்டிட்டு போறாங்களாம், இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு போயிடணும், கண்ணு சரியில்ல. நான் ஃபார்மை எடுத்து முன்னாடி வச்சு கடகடன்னு விளக்கினேன். முழுசா கேட்டுட்டு, "நான் அஞ்சு வருஷமா வாங்கிட்டுதாம்மா இருக்கேன்"னாங்க. அப்போ அந்த 15.75 கூட தப்பான கணக்கு. அதைவிட கம்மியாத்தான் வந்திருக்கும். அன்னிக்கு அவங்க என்னை திருத்தவே இல்ல.

ரசீதை மடிச்சு பர்ஸ்ல வச்சாங்க. கண்ணாடி கதவுல இந்த மே மாச லெவிக்கான நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு, நின்னு படிச்சாங்க, மேல இருந்து கீழ வரைக்கும். நான் காத்துக்கிட்டு இருந்தேன். என்ன சொல்றதுன்னு கூட யோசிச்சு வச்சிருந்தேன். ஸ்கார்ஃபை இழுத்து கட்டிக்கிட்டு, "ரோடு வழுக்குது, பாத்து வீட்டுக்கு போ"ன்னு சொல்லிட்டு கதவைத் தள்ளிக்கிட்டு போயிட்டாங்க.