பொரிக்காத முட்டையையும் இடும் வண்டு

பயறு வண்டைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் கட்டுரைகளுக்குக் குறைவே இல்லை. நாம் சேமித்து வைப்பதை அது தின்கிறது, அதனால் அதை விழுந்து விழுந்து ஆராய்ந்திருக்கிறோம். ஆனால் விதை வண்டுகளில் சுமார் 1,700 இனங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை காட்டு மரங்களின் விதைகளைத் தின்று வாழ்பவை, அவற்றை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. எனக்கு அதில்தான் வருத்தம்.

உதாரணத்துக்கு மிமோசெஸ்டெஸ் அமிகஸ். அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிகோவிலும் பரந்து கிடக்கும் சொனோரன் பாலைவனத்தில், பாலோ வெர்டே மரத்தின் காய்கள்மேல் முட்டையை ஒட்டிவைக்கும். அங்கே அதற்கு ஒரு எதிரி உண்டு, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவி. அது வண்டின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டுவிடும், குளவிப் புழு உள்ளே இருப்பதைத் தின்று வளர்ந்து குளவியாகவே வெளியே வரும்.

இந்த வண்டு என்ன செய்கிறது தெரியுமா? ஒரு முட்டையை இட்டு, அதன்மேலேயே இன்னொன்றை இட்டு மூடிவிடுகிறது. மேலே இருப்பது சிறியது, தட்டையானது, பொரிக்காது. அடியில் இருப்பதற்கு அது வெறும் கேடயம். புழு வெளியே வர மூடி தடையாகாதா என்று முதலில் தோன்றும், ஆனால் அது மேலே வருவதே இல்லை, முட்டையின் அடிப்பக்கத்தைத் துளைத்து நேராகக் காய்க்குள் குடைந்து விதைக்குப் போய்விடும்.

அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஜோசப் டீஸும் மார்தா ஹன்டரும் 2012இல் இதை வெளியிட்டார்கள். மூடிய முட்டைகள் குளவியிடமிருந்து அதிகம் தப்பின. அதைவிட எனக்குப் பிடித்தது, குளவியோ குளவி தாக்கிய முட்டைகளோ அருகில் இருந்தால் வண்டு அடுக்குவதைக் கூட்டுகிறது, இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் தனித்தனியாகவே இடுகிறது என்பது. ஆபத்தை உணர்ந்து எந்த மாதிரி முட்டை வேண்டும் என்று ஒரு பூச்சி மாற்றிக்கொள்கிறது, இதை எப்படிச் சாதாரணமாகக் கடந்துபோவது?

சரி, இது ஒன்றுதான் விதிவிலக்கு என்றும் சொல்ல முடியாது. அதே பாலைவனத்தில் ஸ்டேட்டர் லிம்பேட்டஸ் என்று இன்னொரு விதை வண்டு. அதன் புழுவுக்கு நீலப் பாலோ வெர்டே விதையின் தோலைத் தாண்டி உள்ளே போவது பெரும்பாடு, சின்ன முட்டையிலிருந்து வந்த புழு செத்தே போகும். அதனால் அந்த விதையில் பெரிய முட்டைகளாகக் கொஞ்சம் இடும், சுலபமான வேலமர விதை கிடைத்தால் சின்னதாக நிறைய இடும்.